ஓனரைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். குரோம்பேட்டையில் 2009-ல் கட்டிய ஒரு ஃப்ளாட் விலைக்கு வந்திருக்கிறது. 62 லட்சம் சொல்கிறார்கள். ஓனருக்கு எழுபது வயதுக்கு மேல். கோவையில் மகனோடு இருக்கிறார். ஃப்ளாட்டில் இப்போது வேறொரு குடும்பம் குடியிருக்கிறது. எங்களிடம் பேசுவதெல்லாம் புரோக்கர்தான்; எப்போதாவது மகன் போனில் வருவார். "ஓனரை ரிஜிஸ்ட்ரேஷன் அன்னிக்குப் பார்த்தா போதும். இப்பவே பார்த்தா ரேட்டை ஏத்திடுவாங்க" என்று சொல்லி, ஐந்து லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார் புரோக்கர். ஆளைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது என்கிறார் மாமனார். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பியோ, தான் வீடு வாங்கியபோது விற்றவரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

— ஒரு வாசகி, தாம்பரம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மாமனார் சொல்வதைக் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஓனரை நேரில் பார்த்துவிட வேண்டும்.

ரிஜிஸ்ட்ரேஷன் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 62 லட்சத்துக்கு ஐந்தரை லட்சத்துக்கு மேல் அதற்குள் கட்டியிருப்பீர்கள். வங்கிக் கடன் தயாராக இருக்கும். காலி செய்கிறோம் என்று இப்போதைய வீட்டுக்காரரிடம் சொல்லியிருப்பீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் எண்ணைக் கூப்பிடும் நேரத்தில், எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பார்த்து மனதில் ஒரு சந்தேகம் வந்தால் எழுந்து வர முடியுமா? பெரும்பாலும் யாராலும் முடியாது. "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம். வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் கையில் இருக்கும்போது நடக்கிற சந்திப்புக்குத்தான் பலன் உண்டு.

உங்கள் தம்பி சொல்வதும் உண்மைதான். அங்கே வாங்குபவரும் விற்பவரும் முகம் பார்க்காமலே வீடு கைமாறுவது சகஜம். ஆனால் அங்கே அந்தச் சந்திப்பின் வேலையைச் செய்ய வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. பணம் நேராக விற்பவர் கைக்குப் போகாது. எஸ்க்ரோ என்று ஒரு பொதுக் கணக்கில் இருந்து, எல்லாம் சரியான பிறகுதான் அவருக்குப் போகும். உரிமையில் பின்னால் வில்லங்கம் வந்தால் ஈடுகட்ட டைட்டில் இன்சூரன்ஸ் எடுத்திருப்பார்கள். வீட்டைச் சோதிக்கத் தனியாக ஒரு ஆய்வாளர் வருவார். தெரிந்த குறைகளை விற்பவரே படிவத்தில் எழுதித் தர வேண்டும் என்று பெரும்பாலான மாநிலங்களில் சட்டமும் இருக்கிறது. அங்குள்ள ஏஜெண்டுகள் இருவரையும் சந்திக்க விடாமல் பார்த்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம், 1968-ல் வந்த நியாய வீட்டுவசதிச் சட்டம். இனம், மதம் பார்த்து வீடு மறுத்தார்கள் என்ற வழக்குக்கு இடம் கொடுத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது.

நம் ஊரில் பழைய ஃப்ளாட் வாங்குபவருக்கு இந்தப் பாதுகாப்பெல்லாம் நடைமுறையில் கிடையாது. சார்பதிவாளர் பதிவு செய்வது பத்திரத்தை. விற்பவருக்கு அந்தச் சொத்தில் உண்மையிலேயே உரிமை இருக்கிறது என்று அரசு உத்தரவாதம் எதுவும் தருவதில்லை. உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்த தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகவே சொன்னது. ஆக, ஆளையும் உரிமையையும் சரிபார்க்கும் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான் இருக்கிறது.

சரி, புரோக்கர் ஏன் தடுக்கிறார்? எல்லா புரோக்கர்களையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. அலைந்து திரிந்து இரு தரப்பையும் சேர்த்து வைத்த பிறகு, "நாமளே பேசி முடிச்சுக்கலாம்" என்று இருவரும் கைகோத்துக்கொண்டு கமிஷனைக் கொடுக்காமல் போனவர்கள் உண்டு. அந்த அனுபவம் பட்டவர் தடுக்கத்தான் செய்வார். அந்தப் பயத்தை நீங்களே போக்கலாம். பேசிய கமிஷனை ஒரு தாளில் எழுதி, கிரயம் முடிந்ததும் தருவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். சந்திப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் காரணம் வேறாக இருக்கலாம். ஓனர் 58 சொல்லியிருக்க, உங்களிடம் 62 என்று மேலே வைத்துப் பேசுவது நடக்காத விஷயமில்லை. அதைவிடக் கவலைக்குரிய காரணம், விற்பனையே ஓனருக்குச் சரியாகத் தெரியாமல் இருப்பது.

சந்திப்பதற்கு முன் காகிதங்களைப் படித்துவிட வேண்டும். இந்த வரிசை முக்கியம். ஓனர் வீட்டுக்குப் போய், காபி சாப்பிட்டு, "ரொம்ப நல்ல மனுஷங்க" என்ற எண்ணத்தோடு திரும்பி, அந்த நல்லெண்ணத்திலேயே பத்திரத்தைச் சரியாகப் பார்க்காமல் பணம் கொடுத்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனிதர் பெயரில் இருக்கும் சொத்திலும் வில்லங்கம் இருக்கலாம். அதனால் முதலில் 2009 கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது உள்ளாட்சி அனுமதித்த வரைபடம், சொத்து வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை வாங்குங்கள். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் வரும் வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். படிக்கப் படிக்க எழும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு கோவைக்குப் போங்கள். சென்ட்ரலில் இரவு சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் அங்கே இருப்பீர்கள். 62 லட்சம் போடப் போகிறவர்களுக்கு அந்த டிக்கெட் ஒரு செலவே இல்லை. வீடியோ கால் போதாதா என்றால், போதாது. அதில் யார் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

போனதும் முதல் வேலை, பத்திரத்தில் இருக்கும் ஆள்தான் இவரா என்று பார்ப்பது. 2009 பத்திரத்தில் வாங்கியவரின் புகைப்படமும் கைரேகையும் இருக்கும். பத்திரங்களில் இரு தரப்பின் படத்தையும் ரேகையையும் ஒட்ட வேண்டும் என்று 2001-லேயே பதிவுச் சட்டத்தில் 32ஏ பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். படத்தையும் முகத்தையும், பத்திரத்தில் உள்ள தந்தை பெயரையும் ஆதாரில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பான் கார்டையும் கேளுங்கள். விலை 50 லட்சத்தைத் தொட்டாலே 1 சதவீத வரிப் பிடித்தத்தை (டிடிஎஸ்) வாங்குபவர்தான் பிடித்துக் கட்ட வேண்டும். உங்களுக்கு அது 62,000 ரூபாய். அவருடைய பான், ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்து கிடந்தால் பிடித்தம் 20 சதவீதம் ஆகிவிடும். கிரயம் முடிந்து வருமான வரி நோட்டீஸ் வந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே கேட்டுவிடுவது நல்லது. சொத்தில் பங்குள்ள யாராவது வெளிநாட்டில் இருந்தால் வரிப் பிடித்தக் கணக்கே மாறும் என்பதால் அதையும் கேளுங்கள்.

அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். வங்கியில் அடமானம் வைத்து அதைப் பதிவும் செய்திருந்தால் வில்லங்கச் சான்றில் வந்துவிடும். ஒரு பைனான்ஸ்காரரிடமோ உறவினரிடமோ அசலைக் கொடுத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் எங்கேயும் வராது. "லாக்கர்ல இருக்கு, அப்புறம் காட்டறோம்" என்றால், சரி, அப்புறமே அட்வான்ஸ் கொடுக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. அந்தப் பெரியவரோடு பேசுங்கள். உங்கள் கடிதத்தில் மகன் பேசுகிறார், புரோக்கர் பேசுகிறார். ஓனர் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. எதற்காக விற்கிறீர்கள், எத்தனை வருடம் அங்கே இருந்தீர்கள், பக்கத்து வீட்டில் யார் என்று சாதாரணமாகக் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்கிறாரா, எல்லாக் கேள்விக்கும் மகன் முகத்தைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். "ஐயா, உங்களுக்கு இதுல சம்மதம்தானே?" என்று மரியாதையாக நேரடியாகவே கேட்கலாம், தப்பில்லை. ஒப்பந்தம் செய்கிறவர் தெளிந்த மனநிலையோடு, யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல் செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை. "அப்பாவுக்கு நினைவே சரியில்லாதபோது அண்ணன் கையெழுத்து வாங்கிவிட்டான்" என்று பின்னால் ஒரு மகள் வழக்குப் போட்டால், பிரதிவாதி வரிசையில் நீங்களும் நிற்பீர்கள். சிவில் கோர்ட்டுகளில் இந்த மாதிரி வழக்குகளுக்குக் குறைவே இல்லை. சட்டத்தை விடுங்கள். தன் வீடு போவதே சரியாகத் தெரியாத ஒரு வயதானவரிடமிருந்து அந்த வீட்டை வாங்க உங்களுக்கும் மனம் வராது.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஃப்ளாட் அவர் ஒருவர் பெயரில், அவர் சம்பாத்தியத்தில் வாங்கியது என்றால் பிள்ளைகள் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. கணவன், மனைவி இருவர் பெயரிலும் வாங்கியிருந்து, கூடத்தில் அந்த அம்மாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தால் கதை மாறிவிடும். அவர் உயில் எழுதாமல் தவறியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய பாதியில் கணவருக்கும் மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழ் வேண்டும். கல்யாணமாகிப் போன மகள்களும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். "எத்தனை பிள்ளைங்க?" என்ற ஒரு கேள்வி போதும், இதெல்லாம் வெளியே வந்துவிடும்.

விலையைப் பற்றி அங்கே பேச வேண்டாம். ரேட் ஏறிவிடும் என்று புரோக்கர் சொல்வதில் உண்மை இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். ஹால் அழகாக இருக்கிறது, இங்கே பூஜை அறை வைக்கலாம் என்றெல்லாம் ஓனர் காதில் விழும்படி நீங்களும் கணவரும் பேசிக்கொண்டால் பேரம் அங்கேயே முடிந்துபோகும். வங்கியில் எவ்வளவு கடன் கிடைக்கும், எப்போதுக்குள் வீடு மாறியாக வேண்டும் என்பதையும் சொல்லாதீர்கள். விலைப் பேச்சு வந்தால், "அதை அவர் மூலமாவே பேசிக்கலாம்" என்று புரோக்கரைக் காட்டிவிடுங்கள். பேரம் பேசுவது அவர் தொழில், அதற்குத்தான் கமிஷன். ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டால் மட்டும் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். அசையாச் சொத்துக்கான பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். இதைச் சொன்னால் பெரியவரே வேண்டாம் என்பார்.

"நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியும் வரலாம். நம் ஊரில் இது வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சாதி, மதம், சாப்பாட்டுப் பழக்கம் கேட்டு வீடு கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதற்காகவே இரு தரப்பையும் சந்திக்க விடாத புரோக்கர்களும் இருக்கிறார்கள். எனக்கு இது வெட்கமாகவும் கோபமாகவும் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கணவர் வேலை, குழந்தைகள் படிப்பு என்று பேச்சை மாற்றுங்கள். விடாமல் கேட்டால் அந்த வீட்டை விட்டுவிடுவதைப் பற்றி யோசியுங்கள்.

விற்பவருக்கும் இந்தச் சந்திப்பு நல்லதுதான். சிறிய அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டுவிட்டு, கெடுவுக்குள் வேறொருவரிடம் லாபத்துக்குத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். "நீங்கள் கோரும் நபர் பெயருக்குக் கிரயம் செய்து தருகிறேன்" என்று அக்ரிமெண்ட்டில் ஒரு வரி வரும், பார்த்திருப்பீர்கள். அந்த வரி வேண்டாம், நாங்கள் குடியிருக்கத்தான் வாங்குகிறோம் என்று நீங்களே சொன்னால் அந்தப் பெரியவருக்கு நிம்மதியாக இருக்கும். உங்களோடு பேசவும் தயங்க மாட்டார்.

ஓனரைப் பார்த்தால் மட்டும் போதாது, குடியிருப்பவரையும் பார்க்க வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. சென்னையில் லீஸ் என்று ஒரு வழக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஐந்தோ எட்டோ லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் இருப்பார்கள். காலி செய்யும்போது ஓனர் அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இது பெரும்பாலும் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியதாகவே இருக்கும். வில்லங்கச் சான்றில் வராது. ஆனால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3-வது பிரிவு, ஒருவர் சொத்தில் நேரடியாகக் குடியிருந்தால் அவருக்குள்ள உரிமை வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்கிறது. "எங்களுக்குத் தெரியாது" என்ற பதில் எடுபடாது. கிரயம் முடிந்து நீங்கள் சாவி கேட்கும்போது, "என் எட்டு லட்சம்?" என்று அவர் உங்களைக் கேட்பார். அதனால் ஓனருக்குத் தெரியப்படுத்திவிட்டு ஃப்ளாட்டுக்குப் போங்கள். வாடகையா லீஸா, எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள், எப்போது காலி செய்கிறார்கள் என்று கேட்டு, அதை அவர்களிடமே எழுதி வாங்கிவிடுங்கள். வீடு காலியான பிறகுதான் கிரயம் என்பதை அக்ரிமெண்ட்டில் சேர்த்துவிடலாம்.

அந்த வீட்டின் உண்மை நிலவரமும் அவர்களிடம்தான் இருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் போர்வெல்லில் தண்ணீர் வருகிறதா, லாரிதானா? 2023 மிக்ஜாம் புயலில் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது? மேல் வீட்டு பாத்ரூம் கசிகிறதா? கார் நிறுத்தும் இடம் இதுதான் என்று காட்டுகிறார்களே, அதில் நிஜமாகவே இந்த வீட்டுக் கார்தான் நிற்கிறதா? ஓனர் கோவையில் இருப்பதால் அவருக்கே இதில் பாதி தெரியாமல் இருக்கலாம். எளிதில் கண்ணுக்குத் தெரியாத குறைகளை, தெரிந்திருந்தும் விற்பவர் மறைக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. இருந்தாலும் சொன்னார், சொல்லவில்லை என்று பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு. சந்திப்பு முடிந்த அன்றே மகனுக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: இன்று பேசியபடி இரண்டு ஏசியும் கிச்சன் அலமாரிகளும் வீட்டோடு வருகின்றன, மெயின்டனன்ஸ் பாக்கி எதுவும் இல்லை என்று சொன்னீர்கள், சரிதானே? அவர் "ஆமாம்" என்று பதில் போட்டால் அது உங்கள் கையில் ஒரு எழுத்து.

அப்பாவால் சென்னை வர முடியாது, நான் பவர் (அவர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) வாங்கிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று மகன் சொல்வார் என்று நினைக்கிறேன். எழுபது வயதைத் தாண்டியவருக்கு அது நியாயமான காரணம்தான். பதிவு செய்த பவரை வைத்து, ஓனர் சார்பில் பவர் வாங்கியவர் கிரயம் எழுதிக் கொடுப்பது செல்லும். பவரையும் அக்ரிமெண்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு அதையே கிரயம் என்று நம்புவதுதான் செல்லாது. 2011-ல் சுராஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். பொதுவாகப் பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் அன்றோடு முடிந்தது. அதனால்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு லைஃப் சர்ட்டிஃபிகேட் கேட்கிறார்கள். பவர் வழியாக என்றால் பெரியவரை நேரில் பார்ப்பது இன்னும் அவசியமாகிவிடுகிறது. ரிஜிஸ்ட்ரேஷன் அன்றுகூட அவர் முகத்தைப் பார்க்க மாட்டீர்களே. அவரைப் பார்க்கவே முடியாது, பவர்தான், அட்வான்ஸ் உடனே வேண்டும் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அந்த ஃப்ளாட்டை விட்டுவிடுங்கள். குரோம்பேட்டையில் வேறு கிடைக்கும்.

எல்லாம் திருப்தியாக இருந்தால் அடுத்தது பணம். ஐந்து லட்சத்தை வாய்ப்பேச்சில் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். அக்ரிமெண்ட் பதிவாகும் நாளில், பத்திரத்தில் உள்ள பெயரிலேயே இருக்கும் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். மகன் கணக்குக்கோ புரோக்கர் கணக்குக்கோ வேண்டாம். கோவையில் பார்க்கும்போதே பெரியவரிடம் ஒரு கேன்சல் செய்த செக் வாங்கிக்கொண்டால் கணக்கு எண்ணில் குழப்பம் வராது. மூன்று மாதக் கெடு போதும். கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்ற ஷரத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். வரைவு தயாரானதும், கையெழுத்துக்கு முன் நீங்களே அமர்த்தும் ஒரு சிவில் வக்கீலிடம் காட்டுங்கள். வங்கி வக்கீல்தான் பார்க்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. குடியிருப்பவர் கொடுத்த லீஸ் பணத்தைப் பற்றி அவர் உங்களிடம் கேட்கமாட்டார்.